சிலுவைக்குக் கீழே

"அவன் ஒருநாளும் துவக்குத் தூக்கேல்லைத் தம்பி. பிறகேன் ஒளிக்கவேணும்?"

கல்லறைக் கல் வெட்டுகிற என்னிடம் அக்கா இப்படிக் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று இன்னும் தெளிவில்லை. காலமான அவருடைய தம்பி பிரிட்டிஷ் இராணுவத்தில் குருவாக இருந்து ஓய்வுபெற்ற பாதர். ஊர்ச் சேமக்காலையில், எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கவேண்டும் என்று சொல்லிவைத்தவர். லண்டனில் இருக்கிற மருமக்கள் அவருடைய கல்லுக்கு அனுப்பிய படத்தில் சிலுவைக்குக் கீழே இராணுவக் குருமாரின் சின்னம் இருந்தது: மேலே முடி, கீழே மால்டா சிலுவை, அதன்மேல் இலைமாலை.

"சின்னம் வேண்டாம் அக்கா, சிலுவை மட்டும் வைப்பம். பக்கத்துக் கல்லைப் பாருங்கோ" என்றேன்.

பக்கத்தில் 2009இல், போரின் கடைசியில் ஷெல் விழுந்து செத்த பொடியன். மரித்தோரை நினைக்கும் ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதியும் தாய் வந்து கல்லைக் கழுவி மெழுகுதிரி கொளுத்துவார். எந்த நாட்டுச் சின்னம் என்று அவர் விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டார். அவருக்கு அது ஆமி, அவ்வளவுதான். அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அக்கா சொன்னதும் உண்மை. பிரிட்டிஷ் இராணுவத்தில் குருமார் ஆயுதம் ஏந்துவதில்லை. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, காயக்காரரைப் பார்க்கும் வைத்தியர்களுக்குக் கொடுக்கும் பாதுகாப்பையே அவர்களுக்கும் கொடுக்கிறது. பிடிபட்டாலும் அவர்கள் போர்க்கைதிகள் இல்லை. சாகிறவனுக்குப் பக்கத்தில் இருந்து செபம் சொல்வதுதான் அந்த மனிதனின் வேலை. அந்த வேலையின் அடையாளத்தைத்தான் நான் வேண்டாம் என்றேன்.

கனகபுரத்திலும் விசுவமடுவிலும் புலிகளின் மாவீரர் துயிலுமில்லங்களை இராணுவம் டோசர் விட்டு உழுதபோது நாங்கள் எப்படிக் கொதித்தோம்! செத்தவன் யார் என்பதைக் கல்லில் இருந்து எடுக்க எவனுக்கு உரிமை என்று கேட்ட ஆட்களில் நானும் ஒருவன். அது வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிப்பார்க்கிறேன். அங்கே கேட்காமல் இடித்தார்கள். இங்கே நான் யோசனைதான் சொன்னேன், அக்கா சம்மதித்தார். சரி. ஆனால் அவர் சம்மதித்த விதம்? "நீங்கள் தொழில் தெரிஞ்ச ஆள், உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டு, சின்னத்துக்காகச் சோக்கால் நான் கீறியிருந்த வட்டத்தைத் தன் சேலைத் தலைப்பாலேயே துடைத்தார். கறுப்புக் கல்லில் சோக் லேசில் போகாது. இரண்டு மூன்று தரம் அழுத்தித் துடைத்தார்.

அந்தத் தாயிடமும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய நோவை அவருக்காக நானே அளந்துவிட்டேன். கேட்டிருந்தால் முகத்தைத் திருப்பியிருப்பாரோ, "பாதர்தானே, போடுங்கோ" என்றிருப்பாரோ, யாருக்குத் தெரியும்? மகனைப் பறிகொடுத்தவரிடம் இதைக் கேட்கப் போவதும் நியாயமாகப் படவில்லை.

சிலுவைக்குக் கீழே இடம் விட்டுத்தான் கல்லை நட்டிருக்கிறேன். நட்ட கல்லிலும் உளி போடலாம், மினக்கேடு கொஞ்சம் கூட. இதை அக்காவிடம் சொல்லவேண்டும். சொன்னால் அந்தப் பாரம் மறுபடி அவர் தலையில் ஏறும் என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன்.