வெள்ளம் மூன்று நாளில் வடிந்தது, வீடு காய எட்டு மாதம் ஆனது

எங்கள் வீடு பவானியில், காவிரிக்கரையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. 2022 ஆடிப்பதினெட்டு அன்று, பவானி ஆறு காவிரியில் சேர்கிற கூடுதுறையில் யாரையும் குளிக்க விடவில்லை. மேட்டூர் அணை ஜூலை பாதியிலேயே 120 அடி நிரம்பிவிட்டதால் மேலே இருந்து வருகிற தண்ணீரை அப்படியே கீழே திறந்துவிட வேண்டியதாகி, அடுத்த ஓரிரு நாளில் அது விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்கு ஏறியது.

எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது ஆறு இல்லை, சாக்கடை. ஆறு ஏறும்போது அதில் போய் விழ வேண்டிய சாக்கடைத் தண்ணீர் போக இடமில்லாமல் எதிர்த்துத் திரும்பும். பாத்ரூம் ஓட்டை வழியாகக் கொப்பளித்து ஏறியது, அதற்கு அப்புறம்தான் வாசல் வழியாக ஆறு வந்தது. வெறும் வண்டல் என்றால் கழுவிவிட்டுப் போகலாம், இதில் கழிவும் கலந்திருந்ததால் பின்னால் செய்த வேலை எல்லாமே மாறியது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

மைக் கட்டிய ஆட்டோ வந்து சொன்னதும் மெயினை அணைத்தோம், கேஸ் சிலிண்டரை மூடினோம், அட்டாலியில் ஏற்ற முடிந்ததை ஏற்றினோம், சித்தோட்டில் மாமா வீட்டுக்குப் போய்விட்டோம். பீரோவின் கீழ்த்தட்டு மட்டும் மறந்துபோனது. கிரயப் பத்திரம் அதில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது தண்ணீர் வாசலுக்குக் கீழே இறங்கியிருந்தது. உள்ளே சுவரில் மூன்றரை அடி உயரத்தில் பழுப்புக் கோடு, தரையில் கணுக்கால் அளவு சேறு, அந்த நாற்றத்தை எழுத வரவில்லை. அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சேறு காய்ந்தால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும், ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட வேண்டும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். பாம்பு ஏதாவது இருக்குமோ என்று முதலில் குச்சியால் மூலை மூலையாகத் தட்டிப் பார்த்தோம். காலுக்குப் பூட்ஸ், கைக்கு ரப்பர் உறை போட்டுக்கொண்டு மம்முட்டியால் வழித்து, சீமாற்றால் தள்ளி, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, கடைசியில்தான் பிளீச்சிங் பவுடர். சேற்றின் மேலேயே பிளீச்சிங்கைக் கொட்டினால் கிருமி சாகாது, பவுடர்தான் வீணாகும். இன்னொன்று, பிளீச்சிங்கோடு பாத்ரூம் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். பக்கத்துத் தெருவில் ஒருவர் அப்படிச் செய்து மூச்சுத் திணறி வெளியே ஓடிவந்ததைப் பார்த்தேன். கீழ்த்தொட்டித் தண்ணீரை முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கலந்து நிரப்பி ஒரு நாள் விட்டு அதையும் வெளியேற்றிய பிறகுதான் குழாயைத் திறந்தோம். குடிக்க மட்டும் ஒரு மாதம் கேன் தண்ணீர்தான்.

கரண்டு விஷயத்தில் யாரும் அவசரப்படாதீர்கள். வெளியே பார்க்க நன்றாக இருந்த சுவிட்ச் பெட்டிகளை எலெக்ட்ரீசியன் திறந்து காட்டியபோது ஒவ்வொன்றிலும் ஒரு கை மண் இருந்தது. சுவருக்குள் போகும் பைப்பிலும் தண்ணீர் நின்றிருந்தது. கோட்டுக்குக் கீழே இருந்த பிளக், சுவிட்ச் எல்லாவற்றையும் மாற்றி, வயரில் கரண்டு கசிகிறதா என்று மெகர் கருவி வைத்துச் சோதித்து, கசிந்தால் தானாகவே கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி சுவிட்சைப் புதிதாகப் போட்டு, அதற்கு அப்புறம்தான் மெயின் போட்டார். பதினொரு நாள் இருட்டில் இருந்தோம். ஸ்கூட்டரும் அதேபோலத்தான், ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போனேன். இஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது கிக்கர் அடித்தால் இஞ்சினே போய்விடும், அந்த நஷ்டத்தைச் சாதாரண காப்பீட்டில் தரவும் மாட்டார்கள்.

பத்திரம் ஊறிக் கட்டியாக ஒட்டியிருந்தது. பிரிக்கப் போன என் கையை மாமா தட்டிவிட்டார். ஈரத்தில் பிரித்தால் கிழியும் என்று மேலேயும் கீழேயும் செய்தித்தாள் வைத்து, அவர் வீட்டு மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, தாளை மாற்றி மாற்றி நாலு நாளில் ஒவ்வொரு பக்கமாக விடுவித்தார். மை சில இடத்தில் கரைந்திருந்தது. பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி வைத்துக்கொண்டோம்.

காப்பீட்டில் நான் பெரிய தவறு செய்தேன். பின்கட்டு கட்ட 2021 கடைசியில் வங்கிக் கடன் வாங்கியபோது பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி ஒன்றைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரே எனக்கு மறந்துபோயிருந்தது. அதில் வெள்ளமும் அடக்கம், கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரைக்கும், வீட்டுச் சாமானுக்கும் தானாகவே உண்டு. இது எனக்கு ஞாபகம் வருவதற்குள் ஊதிப்போன பிளைவுட் அலமாரி, மெத்தை எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. சர்வேயர் வந்து, இருக்கிறதைத்தான் எழுத முடியும் என்றார். அப்பா நெய்கிற தறி தொழில் சாமான் என்று அதையும் சேர்க்கவில்லை. சுவருக்கும் வயரிங்குக்கும் மட்டும் ஐந்து மாதம் கழித்துப் பணம் வந்தது. எதையும் தொடுவதற்கு முன்னால் கோடு தெரிகிற மாதிரி படம் எடுங்கள், முதலில் காப்பீட்டுக்காரர்களுக்குத் தகவல் சொல்லுங்கள், கிராம நிர்வாக அலுவலர் வந்து சேதத்தை எழுதும்போது கூடவே நின்று எல்லாவற்றையும் காட்டுங்கள்.

இனி தறிக்கு வருகிறேன். அப்பா ஜமக்காளம் நெய்கிறவர், வீட்டு முன்னறையில் குழித்தறி, அதாவது தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. குழி நிறையச் சேறும் தண்ணீரும். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை, மோட்டார் வாடகைக்கு எடுத்து இறைத்துவிடலாம் என்றேன். அப்பா தலையை ஆட்டினார். "ஆறு எறங்குட்டும் அம்மிணி. இப்ப எறைச்சீன்னா மண்ணு உள்ளார சரிஞ்சுரும்." கேட்காமல் பத்துக் குடம் மொண்டு ஊற்றினேன், காலையில் பார்த்தால் அதே மட்டம். சுற்றியுள்ள மண் முழுக்க ஊறியிருக்கும்போது குழியை மட்டும் காலி செய்தால் வெளியே இருக்கிற தண்ணீர் பக்கச் சுவரை உள்ளே தள்ளும் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆற்று மட்டம் இறங்க இறங்க, தினமும் ஒரு சாண் அளவு மொண்டு, குழி தரையைக் காண மூன்று வாரம் ஆனது. தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூலை அறுத்துப் போட்டுவிட்டோம். அச்சு, மிதிபலகை எல்லாவற்றையும் கழுவி நிழலில்தான் வைத்தார். வெயிலில் வைத்தால் மரம் முறுக்கிக்கொள்ளும்.

தறிக்கு அவர் காட்டிய பொறுமையை நான் சுவருக்குக் காட்டவில்லை. தீபாவளிக்கு முன்னால் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பெயிண்டர் ஒருவரைக் கூப்பிட்டேன். சுவர் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, அவரும் காய்ந்துவிட்டது என்று சொல்லி பட்டி பார்த்து எமல்ஷன் அடித்துவிட்டுப் போனார். தை மாதம் பார்த்தால் பெயிண்டு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெள்ளக் கோடு மூன்றரை அடி, ஆனால் ஈரம் செங்கல் வழியாக ஐந்தடி வரை ஏறியிருந்தது. போன பணம் போனதுதான்.

அப்புறம் வந்த கொத்தனார் வயதானவர், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். ஆறடி உயரம் வரை பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல்லைத் திறந்து போட்டார். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது, கழுவினால் திரும்ப உள்ளேயே போகும் என்று காய்ந்த பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தேய்த்துப் பெருக்கச் சொன்னார். மாசி, பங்குனி வெயிலில் சன்னலைத் திறந்துபோட்டு அப்படியே விட்டோம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழியும் காட்டினார். பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும், உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பங்குனி கடைசியில்தான் தாள் வியர்க்காமல் இருந்தது. பழைய சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும் என்று சுண்ணாம்புச் சாந்துதான் பூசினார், மேலே சுண்ணாம்பே அடித்தோம். பிளக் பாயிண்டுகள் எல்லாம் இப்போது ஐந்தடிக்கு மேலே இருக்கின்றன. அம்மாவுக்கு மிக்சி ஓட்டக் கையைத் தூக்க வேண்டியிருக்கிறது, சரி பரவாயில்லை என்கிறார்.

சித்திரை இரண்டாம் வாரம் அப்பா புதுப் பாவு ஏற்றினார். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தவர் முதலில் பக்கத்து மண்ணை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் மிதிபலகையில் கால் வைத்தார்.