பாண்டில நாலு பொண்ணுங்க பாட்டு, ஆட்டோவுக்கு 250 ரூபா தண்டம்

நேத்து ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரல, பாதி அந்தப் பாட்டாலயும் பாதி அந்த ஆட்டோக்காரராலயும். பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்ட்ல இருந்து ஒயிட் டவுனுக்கு 250 ரூபா! அதிகபட்சம் மூணு கிலோமீட்டர் இருக்கும். மொதல்ல 300-ன்னாரு, "அண்ணா நாங்க டூரிஸ்ட் இல்ல, இங்க இருக்குற கடலூர்தான்"னு சொன்னேன், "அதான் மேடம் உங்களுக்காக அம்பது கொறச்சேன்"னு சிரிக்கிறாரு. மீட்டர்னு ஒரு பொட்டி இருந்துச்சு, அது மேல சாமி படம் ஒட்டி பூ வச்சிருந்தாரு. சாமியையா நகத்தச் சொல்ல முடியும்.

சரி, ஒழுங்கா ஆரம்பிக்கிறேன். எப்படிப் போறது, எங்க சாப்புடுறது, எவ்ளோ ஆகும்னு வரிசையா எழுதுறேன்னு ஆபீஸ் பொண்ணுங்க கிட்ட சொல்லிட்டுதான் போனேன். (வரிசை இப்பவே போச்சு.)

விஷயம் இதுதான். என் சித்தி பொண்ணு பாண்டில காலேஜ் படிக்கிறா, ஹாஸ்டல். போன வாரம் ஃபோன் பண்ணி "அக்கா, ஒயிட் டவுன்ல ஒரு கஃபே மொட்டை மாடில சனிக்கெழம சாயந்தரம் நாலு பொண்ணுங்க பாடுறாங்க, நாலு பேருமே அவங்கவங்க எழுதி அவங்களே மெட்டு போட்ட பாட்டுதான், சினிமா பாட்டே கெடையாது, வர்றியா"ன்னா. சினிமா பாட்டே இல்லாம ரெண்டு மணி நேரமா, நான் தூங்கிடுவேனேன்னுதான் உண்மையிலேயே மொதல்ல தோணுச்சு. டிக்கெட் ஆளுக்கு 400. ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிச்சுடணும்னு ஒரு கணக்கு போட்டேன், அந்தக் கணக்கு என்ன ஆச்சுன்னு கடைசில பாருங்க.

மஞ்சக்குப்பத்துல இருந்து பதினொன்றரை மணிக்கு பஸ் ஏறுனேன். மகளிர் இலவசம் டவுன் பஸ்ஸோட சரி, பாண்டி வண்டில காசு குடுத்துதான் ஆகணும். கண்டக்டர் "நேரா பாண்டி, எங்கயும் நிக்காது"ன்னு கூவிக் கூவி ஏத்துனாரு. ஆல்பேட்டைல நின்னுச்சு. ரெட்டிச்சாவடில நின்னுச்சு. கன்னியக்கோயில்ல நின்னுச்சு, கிருமாம்பாக்கத்துல ஒருத்தர் மூணு மூட்டை ஏத்துற வரைக்கும் நின்னுச்சு. சீட்டோட ஸ்பாஞ்சு பிஞ்சு கம்பி குத்துது, தலைக்கு மேல ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு, வெயில் ஒரு பக்கமா மூஞ்சில அடிக்குது. அரியாங்குப்பம் தாண்டி முருங்கப்பாக்கத்துக்கிட்ட டிராஃபிக்ல மாட்டுனோம் பாருங்க, நடந்து போனவங்கள்லாம் எங்கள தாண்டிப் போனாங்க. கூப்புடுற தூரத்துல இருக்குற ஊருக்கு ஒன்றரை மணி நேரம்!

ஆனா அந்த சாப்பாடு இருக்கே, அதுக்காக இன்னொரு தடவ அதே பஸ்ல போவேன். சித்தி பொண்ணு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தா, பின்னாடி ரெண்டு சந்து தள்ளி ஒரு வீட்டுத் திண்ணைய மறைச்சு நாலு டேபிள் போட்ட எடத்துக்கு கூட்டிட்டுப் போனா. போர்டும் இல்ல மெனு கார்டும் இல்ல, ஒரு அம்மா வந்து "என்ன கண்ணு, சுறாப்புட்டு இருக்கு, வைக்கவா"ன்னு கேட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்காம வச்சாங்க. எங்க வீட்டுலயும் செய்வோம், ஆனா எங்கம்மா செஞ்சா கொஞ்சம் ஈரமா இருக்கும். இது உதிரி உதிரியா, பூண்டும் சின்ன வெங்காயமும் மீன விட ஜாஸ்தியோன்னு சந்தேகப்படுற அளவுக்கு, பச்சமொளகா காரம் மூக்குல ஏறுது. எப்படிம்மான்னு கேட்டேன், "அவிச்சு தோல உரிச்சப்புறம் துணில கட்டி நல்லா புழியணும், தண்ணி நின்னா புட்டு இல்ல, கொழம்பு"ன்னாங்க. எங்கம்மாகிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மீன் கொழம்பு, ரசம், மோர், ஆளுக்கு 180. ரெண்டாவது தடவ புட்டு வச்சதுக்கு காசே வாங்கல.

அப்புறம்தான் வெயிலுக்குப் பயந்து அந்த ஆட்டோ. அதப் பத்தி இனிமே பேசல.

கச்சேரி ஏழு மணிக்கு. அது வரைக்கும் சும்மா சுத்துனோம். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல பாரதியார் இருந்த வீட்டு வழியா போகும்போது சித்தி பொண்ணு "அக்கா, பாண்டியோட மொத இண்டிபெண்டன்ட் ஆர்ட்டிஸ்ட் இவருதான்"னா. ஜோக்குன்னாலும் யோசிச்சா சரிதானே. 1908-ல இருந்து 1918 வரைக்கும் பத்து வருஷம் இந்த ஊர்ல. தானே எழுதி, மேல ராகம் தாளம் குறிச்சு, தானே பாடுனவரு, கையில காசு நின்னதே இல்ல. அப்படி இருந்தவரு பாண்டிய விட்டு வெளிய வந்த ஒடனே எங்க புடிச்சாங்கன்னா எங்க கடலூர் பக்கத்துலதான், வச்சதும் கடலூர் ஜெயில்லதான். "பாட்டுக்காரங்கள எங்க ஊர் நடத்துற லட்சணம் அப்பவே அப்படி"ன்னேன்.

பீச் ரோட்டுல சாயந்தரம் வண்டி விட மாட்டாங்க, நிம்மதியா நடக்கலாம். கடல் காத்து வாங்க காசு இல்ல, அது ஒண்ணுதான் ஃப்ரீ.

கஃபேக்கு வருவோம். மாடில பிளாஸ்டிக் சேர் ஒரு அம்பது, தொங்கவிட்ட பல்பு, ஒரு ஓரமா பாய் விரிச்சு மைக். 400 டிக்கெட்ல சாப்பாட்டுக்கு ஏதாவது கழிப்பாங்கன்னு நெனச்சேன், ஒண்ணும் கெடையாது. அது போக "டேபிளுக்கு ஏதாவது ஆர்டர் பண்ணனும் மேடம்"னு வந்து நிக்கிறாங்க. ஒரு காப்பி 210, உருளைக்கெழங்க நீட்டு நீட்டா வெட்டி வறுத்தது 260. காப்பி ஆறிப்போயிருந்துச்சு, சொல்லிடுறேன்.

மொதல்ல பாடுனது ஒரு காலேஜ் பொண்ணு, கிட்டார், முழுக்க இங்கிலீஷ் பாட்டு. குரல் நல்லாத்தான் இருந்துச்சு ஆனா எனக்கு ஒட்டல. கண்ண மூடிட்டு தனக்குத் தானே பாடிக்கிட்ட மாதிரி இருந்துச்சு, நாங்க ஏதோ ஜன்னல் வழியா எட்டிப் பாத்தவங்க மாதிரி. சித்தி பொண்ணுக்கு ரொம்பப் புடிச்சுது. வயசு.

ரெண்டாவது சென்னைப் பொண்ணு. அதுதான் எனக்கு புதுசு. கால் கிட்ட ஒரு சின்னப் பொட்டி, லூப் பெடலாம். செருப்பக் கழட்டிட்டு கட்டவெரலால அத ஒரு அமுக்கு அமுக்கும், கிட்டார் பொட்டி மேல ரெண்டு தட்டு தட்டும், மறுபடி அமுக்குனா அந்தத் தட்டு தானா திரும்பத் திரும்ப ஓடுது. அதுக்கு மேல ஒரு "ம்ம்ம்", அதும் ஓடுது. அதுக்கு மேல கிட்டார். ஒத்த ஆளு, அஞ்சு நிமிஷத்துல ஒரு கூட்டமே வாசிக்கிற மாதிரி ஆயிடுச்சு. பாட்டு என்னன்னா வாடகை வீடு தேடுற பாட்டு. கல்யாணம் ஆகல, தனியா இருப்பேன், நைட்டு லேட்டா வருவேன், கிட்டார் வாசிப்பேன்னு ஒவ்வொரு வீட்டு ஓனர்கிட்டயும் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு "இல்லம்மா"வையும் அந்தப் பொட்டில பதிஞ்சு விட, கடைசில எட்டு பத்து "இல்லம்மா" சேந்து கோரஸ் பாடுது. எல்லாரும் சிரிச்சோம், சென்னைல பி.ஜி-ல இருந்தவங்க மட்டும் கொஞ்சம் வேற மாதிரி சிரிச்சாங்க. நடுவுல ஸ்பீக்கர் "உய்ய்"ன்னு கத்துனதும் எல்லாரும் காதப் பொத்துனோம், அந்தப் பொண்ணு அசராம அந்த உய்யையும் லூப்ல போட்டுடுச்சு பாருங்க!

இடைவேளைல படிக்கட்டுல பேச்சுக் குடுத்தேன். இதுல வருமானம் வருமாம்மான்னு கேட்டேன், நமக்கு புத்தி அங்கதானே போகும். ஆன்லைன்ல ஒரு தடவ கேட்டா பைசாக் கணக்குதான்னு சொல்லிச்சு. "பாட்டெழுதுனவங்களுக்கும் மெட்டுப் போட்டவங்களுக்கும் ராயல்டில பங்கு குடுக்கணும்னு 2012-ல சட்டத்தையே திருத்தினாங்க அக்கா. எனக்குப் பிரச்சனையே இல்ல, ரெண்டும் நான்தான். பங்கு பிரிக்கத்தான் காசு வரணும்." கடல் காத்துல கிட்டார் கம்பி துருப்புடிச்சுடும், பாண்டி வந்துட்டுப் போனா கம்பி மாத்தித்தான் ஆகணும்னும் சொல்லிச்சு. பஸ்ஸு, கம்பி, சாப்பாடுன்னு பாத்தா கைல என்னதான் நிக்கும்னு நானே மனசுல கணக்குப் போட்டுட்டு இருந்தேன்.

மூணாவது ஒரு அக்கா. நாப்பது வயசு இருக்கும், காட்டன் பொடவ, கண்ணாடி, கையில குட்டி கிட்டார். உகுலேலேவாம். ரப்பர் பேண்டு போட்ட கோடு போட்ட நோட்ட எடுத்து மடில வச்சு, "நான் பண்ருட்டிப் பக்கம்"னு ஆரம்பிச்சாங்க. நான் காப்பிய கீழ வச்சுட்டேன். மேடைல, மைக்ல, எங்க அத்தை பெரியம்மால்லாம் பேசுற அதே பேச்சு!

பாடுனது 'தானே'ங்குற புயலப் பத்தி. 2011 டிசம்பர் 30, எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் தேதி சொல்லுவாங்க, கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரைய கடந்துச்சு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட போச்சு. இவங்க பாட்டுல வீட்டுப் பொம்பளைங்க பேர் வச்சு வளத்த பலா மரங்க வருது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பேரு, பொறந்த கொழந்தைக்காக ஒண்ணு, செத்துப்போன கெழவிக்காக ஒண்ணு. "பேர் வச்ச மரமெல்லாம் பேர் சொல்லாம சாஞ்சுதே"ன்னு ஒரு அடி. அத மூணு தடவ பாடுனாங்க, ஒவ்வொரு தடவயும் கடைசி எழுத்த கொஞ்சம் கீழ எறக்கி. எழவு வீட்டுல மாரடிக்கும்போது அப்படித்தான் எறங்கும். உகுலேலே சத்தம் மட்டும் கொழந்த வெளையாட்டு மாதிரி டிங் டிங்னு ஓடிட்டே இருக்கு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, மொளகா மேல பழி போட மத்தியான சாப்பாடும் ரொம்ப நேரம் முன்னாடி முடிஞ்சுபோச்சு. அன்னிக்கு விடியக்கால எங்க வீட்டு வேப்பமரம் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு, அதப் பத்தி இத்தன வருஷத்துல யார்கிட்டயும் பேசுனதே இல்ல.

பாட்டு முடிஞ்சு ஒரு நிமிஷம் ஆகல, பின்னாடி டேபிள்ல இருந்து ஒருத்தர், "மேடம் ஒரு ராஜா சார் பாட்டு!" என்ன ஜென்மமோ. அந்த அக்கா கண்ணாடிய தூக்கி விட்டுட்டு நிதானமா சொன்னாங்க, "அது உங்க ஃபோன்லயே இருக்கு சார். இது என் நோட்டுல மட்டும்தான் இருக்கு." கைதட்டல்னா கைதட்டல். நானும்தான் தட்டுனேன், வரும்போது சினிமா பாட்டு இல்லாம தூங்கிடுவேன்னு சொன்ன அதே கையால.

நாலாவது ஒரு சின்னப் பொண்ணு, கானா. கானான்னாலே ஆம்பளைங்க எடம்னு இருந்ததுல இசைவாணி வந்து பாடி, 2020-ல பிபிசியோட நூறு பெண்கள் பட்டியல்ல வந்தாங்கல்ல, அவங்களப் பாத்துதான் ஆரம்பிச்சேன்னு சொல்லிச்சு. ரெண்டு பாட்டுதான் கேட்டோம். பத்து மணிக்கு மேல மைக் போடக் கூடாதுங்குறது சட்டம், அவங்க அவசரம் அவங்களுக்கு, எங்களுக்கு பஸ் போயிடுமேன்னு அவசரம். ரூம் போட்டுத் தங்கலாம்னா சனிக்கெழம ரேட்டு கேட்டதுமே சித்தி பொண்ணு ஃபோன கட் பண்ணிட்டா.

கெளம்புற நேரத்துல ஒரு எவர்சில்வர் தூக்கு சுத்தி வந்துச்சு, பாடுனவங்களுக்கு இஷ்டப்பட்டத போடலாம்னு. நூறு ரூபா போட்டேன். போட்டுட்டு படி எறங்கும்போதுதான் ஒறைச்சுது, ஆட்டோவுக்கு 250, இவங்க நாலு பேருக்கும் சேத்து நூறு. திரும்பிப் போய் இன்னொரு இருநூறு போட்டேன். அந்தக் கடுப்புல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனோம், அர மணி நேரத்துக்கு மேல ஆச்சு. சித்தி பொண்ணு வழி நெடுக "கால் வலிக்குதுக்கா"ன்னு பொலம்பல்.

கடைசி பஸ்ஸா இல்ல அதுக்கு முந்தினதான்னு தெரியல, கெடச்சுது. முள்ளோடைல நாலு பேர் தள்ளாடிட்டு ஏறுனாங்க, அதுல ஒருத்தர் கம்பியப் புடிச்சுட்டு பழைய சோகப் பாட்டு ஒண்ண பாட ஆரம்பிச்சுட்டாரு, ஆல்பேட்டை வரைக்கும் விடல. சுருதி சுத்தமா இல்ல.

செலவு: பஸ் எல்லாம் சேத்து நூறுக்குள்ள, சாப்பாடு 360, ஆட்டோ 250, டிக்கெட் ரெண்டு பேருக்கு 800, அந்த ஆறிப்போன காப்பியும் கெழங்கும் 470, தூக்குல 300. ரெண்டாயிரத்து எரநூத்துச் சொச்சம். போறவங்க வயித்த நிரப்பிட்டுப் போங்க, சில்லறை மாத்தி வச்சுக்கோங்க, ஜூன் 21 பக்கமா போனீங்கன்னா இன்னும் நல்லது, அன்னிக்கு பிரெஞ்சுக்காரங்க இசைத் திருவிழான்னு ஊருக்குள்ள காசில்லாமலே பாட்டு கேக்கலாமாம். நானும் சித்தி பொண்ணும் போறதா இருக்கோம். பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடந்துதான்.