ஒரே வீட்டுக்கு இரண்டு அளவு

சொத்து வரி விதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிய அடுக்குமாடி ஒன்றின் கோப்பு மேசைக்கு வந்தால் முதலில் நான் தேடுவது அதன் விளம்பரத் தாளைத்தான். அனுமதி வரைபடமும் வரிப் படிவமும் அப்புறம்.

விற்கும்போது லிஃப்ட், மாடிப்படி, நடைபாதை, காவலாளி அறை என்று எல்லாவற்றையும் பங்கு பிரித்து ஒவ்வொரு வீட்டின் கணக்கிலும் சதுர அடியாக ஏற்றிவிடுகிறார்கள். அதே வீடு வரிப் படிவத்துக்கு வரும்போது பொதுப் பகுதி போய்விடும். அதை நான் குறை சொல்லவில்லை, அதற்கான விதி ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கண்ணாடி போட்டு அறையாக்கிய பால்கனியும், மொட்டை மாடியில் பிறகு எழுப்பிய அறையும் சேர்ந்து மறைந்துபோகின்றன. வாங்கியவரிடம் ஓர் அளவுக்குப் பணம் வாங்கிவிட்டு, நகராட்சியிடம் வேறோர் அளவைச் சொல்கிறார்கள். பிறகு நாங்கள் நேரில் போய் அளந்து கூடுதல் வரி கேட்டால், நோட்டீஸ் போவது வீட்டுக்காரருக்கு. கட்டியவர் அதற்குள் அடுத்த மனைக்குப் போயிருப்பார். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

புதிய குடியிருப்புத் திட்டங்கள் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டங்களில் பேச்சு எப்போதும் பில்டர் நல்லவரா, ஏமாற்றுக்காரரா என்பதிலேயே சுற்றும். ஒருவரின் குணத்தை அந்தக் கூட்டத்தில் வைத்து எப்படி அளப்பது? எதை எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியதோ, அந்த இடங்களில்தான் நேர்மை வந்ததைப் பார்க்கிறோம். ஹாங்காங்கில் 2013 முதல் புது வீடுகளின் விலையை வீட்டின் சொந்தப் பரப்பை வைத்தே சொல்ல வேண்டும். இந்தியாவின் 2016 ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியாவுக்கு, அதாவது வெளிச்சுவர் நீங்கலாக வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்புக்கு, விளக்கம் எழுதி, அதை வெளியிட வைத்தது. வாங்குவோரின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்க வேண்டும் என்றது. கட்டுமானக் குறைகளுக்கு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் பொறுப்பு. நல்லவரோ கெட்டவரோ, இவை எல்லோருக்கும் ஒன்றுதான்.

கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு வாதம், 'இந்தத் திட்டம் வந்தால் நகரத்துக்கு வரி கூடும்' என்பது. சரி, கூடும். ஆனால் கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் சாலையும் அந்த வீடுகளின் பாரத்தைக் காலம் முழுக்கச் சுமக்க வேண்டும். முதல் சில ஆண்டுகளில் எல்லாம் புதிது, செலவு தெரியாது. குழாய் மாற்றும் காலம் வரும்போதுதான் கணக்கு இடிக்கும்.

அதற்குள் வரி மதிப்பீடும் பழசாகியிருக்கும். இங்கிலாந்தில் இன்று கட்டி முடித்த வீட்டுக்குக்கூட, 1991 ஏப்ரலில் அது என்ன விலை போயிருக்கும் என்று பார்த்துத்தான், அது எந்த வரி அடுக்கில் சேரும் என்று நிர்ணயிக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1978இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டத்தால், கைமாறாத வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு வீடுகள் இருந்தாலும் நேற்று வாங்கியவர் பல மடங்கு கட்டுவார். வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்கும் நிலை வரக்கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பழைய வீட்டுக்காரர் கட்டாத பங்கைப் புதிதாக வருகிறவர் தலையில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. வருமானம் குறைந்தவருக்குத் தனிச் சலுகை கொடுத்துவிட்டு, மதிப்பீட்டைக் குறித்த காலத்தில் எல்லோருக்கும் திருத்துவதே முறை.

எங்கள் அலுவலகத்தில் நான் விடாமல் கேட்டுவருவது ஒன்றுதான்: விற்பனைப் பத்திரத்தில் எழுதிய பரப்பும் வரிப் படிவத்தில் எழுதிய பரப்பும் ஒரே திரையில் தெரிய வேண்டும். வித்தியாசம் இருந்தால், வீடு கைமாறுவதற்கு முன்பே கட்டியவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். இரண்டு துறைகளின் பதிவேடுகளை இணைக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போகிறது. அடுத்த ஆய்வுக் கூட்டத்திலும் கேட்பேன்.