பாலத்தின் தோளில் ஏன் ஓட்டைகள்?

வேல்ஸில் டாஃப் ஆற்றின் மேல் நிற்கும் பொன்ட்டிப்ரீத் பழைய பாலத்துக்கு ஒரே வளைவுதான். கரைக்குக் கரை அந்த வளைவின் வீச்சு 140 அடி. வில்லியம் எட்வர்ட்ஸ் 1756-இல் முடித்தார். அதற்கு முன் அவர் பட்ட அடிதான் சுவாரஸ்யம்.

முதலில் ஆற்றுக்குள் தூண்களை நிறுத்திக் கட்டினார். வெள்ளத்தில் வந்த மரங்கள் தூண்களில் சிக்கி அணைபோல நீரைத் தேக்க, பாலமே போய்விட்டது. சரி, தூணே வேண்டாமென்று ஒற்றை வளைவுக்கு மாறினார். அதிலும் ஒன்று விழுந்தது, ஆனால் வெள்ளத்தால் அல்ல.

கல் வளைவு அழுத்தத்தில் மட்டுமே உயிர்வாழும். பாரம் செல்லும் கோடு கல்லின் கனத்துக்குள்ளேயே ஓட வேண்டும்; வெளியே நகர்ந்தால் இணைப்புகள் வாய்பிளக்கும். இங்கே இரு தோள்களிலும் (உச்சிக்கு இருபுறமும் கரையை நோக்கிச் சரியும் பகுதிகள்) நிரப்பிய கல்லும் மண்ணும் மிகக் கனம், உச்சியோ மெலிது. தோள்கள் அழுந்த, உச்சிக் கற்கள் மேல்நோக்கிப் பிதுங்கின. பாலம் உட்காரவில்லை, எழும்பி உடைந்தது!

மருந்து: ஒவ்வொரு தோளிலும் குறுக்காக மூன்று உருளைத் துளைகள், விட்டம் 9, 6, 3 அடி. பெரியது கரைப்பக்கம், சிறியது உச்சிப்பக்கம். எடை குறைந்தது. பார்வைக்கு அழகாக இருப்பது உபரி லாபம்.

குறை ஒன்று உண்டு: சாலை கூன்முதுகாகச் செங்குத்தாக ஏறுகிறது. வண்டிகள் திணறியதால் 1857-இல் ஒட்டியே இன்னொரு பாலம் வந்தது. பழையதில் இன்று நடக்க மட்டும்தான் முடியும்.