11 பேர் அலுவலகத்தில் 6 வருடங்கள்

இந்தச் சின்ன கன்சல்டிங் (ஆலோசனை) நிறுவனத்தில் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு கிளையன்ட்டின் நிதித் தலைவர் என் பக்கம் திரும்பி, “இந்த எண் எப்படி வந்தது?” என்று கேட்டார். நான் பழைய பழக்கத்தில் எங்கள் பார்ட்னரை, அதாவது நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவரை, பார்த்தேன். அவர் தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. கேள்வி எனக்குத்தான் என்று புரிய இரண்டு நொடி ஆனது.

அதற்கு முன் நான்கு வருடம் ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்தில் இருந்தேன். அங்கே நான் செய்த ஸ்லைடு முதலில் மேனேஜரிடம் போகும், அவர் திருத்துவார். அவருக்கு மேலே இருப்பவர் தலைப்பை மாற்றுவார். கடைசி நாள் இரவு பார்ட்னர் பாதியைத் தூக்கிப் பின்னிணைப்பில் போடச் சொல்வார். கிளையன்ட் அதைப் பார்க்கும்போது நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். இருந்தாலும் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பேன். நல்ல பயிற்சிதான், குறை சொல்ல மாட்டேன். முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களை அதன் கீழே அடுக்க வேண்டும், ஒரு ஸ்லைடில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே கற்றவை. ஆனால் அந்த நான்கு வருடத்தில், நான் போட்ட கணக்கைப் பற்றி ஒரு கிளையன்ட்கூட என்னிடம் நேராகக் கேட்டதில்லை.

அங்கே யார்மீதும் தப்பில்லை. இன்று உலகின் பெரிய கன்சல்டிங் நிறுவனங்களில் ஒன்றான பாஸ்டன் கன்சல்டிங் குரூப் 1963இல் ஒரு வங்கியின் ஒரு பிரிவாக, புரூஸ் ஹென்டர்சன் என்ற ஒரே ஆளோடு தொடங்கியது. இன்று பெரியதாகத் தெரியும் பல நிறுவனங்களும் ஒரு காலத்தில் சின்னவைதான். வளர வளர பிரமிடு வந்துவிடுகிறது. மேலே சில பார்ட்னர்கள் வேலையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், கீழே நிறைய இளையவர்கள் அதைச் செய்து முடிப்பார்கள். ஒரு பார்ட்னருக்குக் கீழே எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத்தான் லாபம். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு வருட அனுபவம் உள்ளவரைக் கிளையன்ட் முன்னால் பேசவிடுவது கஷ்டம்தான்.

நான் இப்போது இருக்கும் இடத்தில் மூன்று பார்ட்னர்கள், நாங்கள் எட்டுப் பேர். இப்படி ஒரே துறையில் வேலை செய்யும் சின்ன நிறுவனத்தைப் பூட்டிக் என்று சொல்வார்கள். செய்வது ஒரே வேலை: விலை. ஒரு நிறுவனம் தன் பொருளுக்கு என்ன விலை வைக்கிறது, அதில் எவ்வளவு உண்மையில் கைக்கு வந்து சேர்கிறது, நடுவில் எங்கே கரைகிறது என்று பார்க்கிறோம். பட்டியல் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். டீலர் தள்ளுபடி போகும். அதிகம் வாங்கினால் ஒரு தள்ளுபடி, சீக்கிரம் பணம் கட்டினால் இன்னொன்று. இதுவரைக்கும் இன்வாய்ஸில் தெரியும். அப்புறம் வருடக் கடைசியில் திருப்பிக் கொடுக்கும் தள்ளுபடியான ரிபேட், நாமே ஏற்றுக்கொண்ட லாரி வாடகை, 60 நாள் கடனுக்கான வட்டி, விளம்பரத்துக்கென்று டீலருக்குத் தரும் தொகை. இவை ஒவ்வொன்றும் கணக்குப் புத்தகத்தில் வேறு வேறு தலைப்பில் கிடக்கும். எல்லாவற்றையும் அந்தந்த விற்பனைப் பதிவிலேயே கொண்டுவந்து கழித்தால் மிச்சம் 70 சொச்சம் நிற்கும். அதைப் பாக்கெட் விலை என்போம்.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 100க்கு விற்றால் 9 லாபம் என்று வையுங்கள். விற்கும் அளவு குறையாமல் விலை 1 கூடினால், அந்த 1 முழுசாக லாபத்தில் சேர்ந்து 9 என்பது 10 ஆகிறது. விலையில் 1 சதவீதம், லாபத்தில் 11 சதவீதம். 1992இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் வந்த ஒரு கட்டுரை, ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் சராசரியை எடுத்து இதே 11 சதவீதத்தைச் சொன்னது. திருப்பிப் பார்த்தால் பயமாகவும் இருக்கும். விலைக் கணக்கில் நான் செய்யும் சின்னத் தப்பும் அதே வேகத்தில் பெருகும்.

அப்படி ஒரு தப்பு என் கையால் நடந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாவது வருடம். குழாய் இணைப்புகள் தயாரிக்கும் ஒரு கிளையன்ட். மூன்று வருட இன்வாய்ஸ், 4 லட்சத்துக்கு மேல் பதிவுகள். சின்ன இடம் என்பதால் தரவைச் சுத்தம் செய்வதிலிருந்து கடைசி ஸ்லைடு வரை நான்தான். அந்த வேலையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரு மண்டலத்தில், ஒரு வகைப் பொருளில், ஒரு துண்டுக்கான விலை மற்ற மண்டலங்களைவிட மிகவும் குறைவாக இருந்தது. அந்த மண்டல மேலாளர் அனுமதி இல்லாமல் கூடுதல் தள்ளுபடி கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்லைடிலும் கிட்டத்தட்ட அப்படியே எழுதினேன். வியாழக்கிழமை கூட்டத்தில் நானே அதைச் சொன்னேன். விற்பனைத் தலைவரின் முகம் இறுகிப்போனது. அந்த மேலாளர் பத்து வருடத்துக்கு மேலாக அவரிடம் வேலை பார்த்தவர்.

சனிக்கிழமை மாலை வேறு ஒரு வரைபடம் போடுவதற்காக அதே தரவைத் திறந்தேன். விலையை மாதவாரியாக வரிசைப்படுத்தினேன். அந்தச் சரிவு ஒரு குறிப்பிட்ட மார்ச் மாதத்தில் தொடங்கியிருந்தது. சரி, ஏதாவது சலுகையாக இருக்கும். டீலர் டீலராகப் பிரித்தேன். முதல் டீலருக்கு 16.7 சதவீதம் இறக்கம். இரண்டாவது டீலருக்கு 16.7. மூன்றாவதற்கும் 16.7.

தள்ளுபடி என்பது ஒருபோதும் அப்படி இருக்காது. பெரிய டீலர் அதிகம் கேட்பார், சின்ன டீலருக்குக் குறைவாகக் கிடைக்கும், ஒருவர் சண்டை போட்டு வாங்குவார். எல்லோருக்கும் அச்சு மாறாமல் ஒரே அளவு என்றால் அதில் மனிதர் யாரும் தலையிடவில்லை என்று அர்த்தம். 16.7 என்பது ஆறில் ஒரு பங்கு. 12க்குப் பதில் 10.

கிளையன்ட்டின் கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். தரவு தந்ததிலிருந்து எனக்கு உதவியாக இருந்தவர். மாதக் கடைசி இருப்பு எடுக்கும் வேலையில் அன்றும் கிடங்கில்தான் இருந்தார். “சார், இந்தப் பொருள் பெட்டிக்கு எத்தனை?” என்று செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஒரு அட்டைப்பெட்டியின் படம் வந்தது, ஓரத்தில் 10 என்று அச்சடித்திருந்தது. கீழே எழுதியிருந்தார்: “மார்ச்சிலேருந்து 10 தான்மா. இந்த டிப்போவுக்கு மட்டும். சிஸ்டத்துல இன்னும் 12ன்னு தான் இருக்கும், மாத்தலை.”

பெட்டி விலையை நான் 12ஆல் வகுத்திருக்கிறேன். 10ஆல் வகுத்திருக்க வேண்டும். அந்த மேலாளர் யாருக்கும் கூடுதலாக ஒன்றுமே கொடுக்கவில்லை.

பார்ட்னரைக் கூப்பிட்டேன். முழுசாகக் கேட்டார், நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. “மத்த பொருள்ல அலகு சரியா இருக்கான்னு பார்த்தியா?” என்றார். பார்க்கவில்லை. “அதை நாளைக்கு எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம். அதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லணும். நீயே சொல்லு. நான் லைன்ல இருக்கேன், ஆனா பேச மாட்டேன்.”

அந்த இரவு நான் தூங்கவில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு விற்பனைத் தலைவரைக் கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லி, “வியாழக்கிழமை நான் சொன்ன ஒரு விஷயம் தவறு” என்று ஆரம்பித்தேன். பெட்டிக் கணக்கை விளக்கினேன். சிஸ்டத்தில் பழைய எண் இருந்தது என்பதையும் சொன்னேன், ஆனால் அதைச் சரிபார்க்க வேண்டியது என் வேலை, நான் செய்யவில்லை என்பதை முதலில் சொன்னேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: “நாளைக்குக் காலையில அவரை வரச் சொல்லியிருந்தேன்.”

இப்போது இதை எழுதும்போதும் அந்த வாக்கியம் வயிற்றைப் பிசைகிறது. நான் திங்கட்கிழமை வரை அந்தத் தரவைத் திறக்காமல் இருந்திருந்தால்?

அடுத்த மூன்று நாள், பார்ட்னர் உட்பட நான்கு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளின் அலகையும் சரிபார்த்தோம். அந்த நாட்களுக்குக் கிளையன்ட்டிடம் பணம் கேட்கவில்லை. மொத்தக் கசிவு, அதாவது விலையில் வீணாகக் கரைவது, 6.1 சதவீதம் என்று சொல்லியிருந்தது 4.4 ஆகக் குறைந்தது. பார்ட்னர் என்னைத் திட்டவில்லை. அடுத்த கூட்டத்திலும் அந்த ஸ்லைடை என்னையே பேச வைத்தார்.

வேலை கற்றுக்கொள்வது என்றால் எனக்கு அந்த ஒரு வாரம்தான். பெரிய இடத்தில் இதே தப்பு நடந்திருந்தால், ஒருவேளை மேலே யாராவது பிடித்திருப்பார்கள். அது பெரிய இடத்தின் உண்மையான பலம், அதை நான் மறுக்கவே மாட்டேன். பிடிக்காமல் போயிருந்தால், அந்தத் தொலைபேசி அழைப்பை வேறு யாரோ செய்திருப்பார்கள். அந்த மண்டல மேலாளர் எனக்குக் கடைசி வரை ஒரு வரிசை எண்ணாகவே இருந்திருப்பார்.

மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சேரலாமா என்று கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். சின்ன இடத்தில் இரவோடு இரவாக ஸ்லைடை அழகுபடுத்தித் தரும் குழு கிடையாது. கேட்ட அறிக்கையைத் தேடித் தரும் ஆராய்ச்சிப் பிரிவு கிடையாது. காய்ச்சல் வந்தால் உங்கள் இடத்தில் உட்கார இன்னொருவர் இல்லை. நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு புதிய கிளையன்ட்டிடமும் முதல் அரை மணி நேரம் நாங்கள் யார் என்று சொல்வதிலேயே போகும். கிளையன்ட்டின் கொள்முதல் பிரிவு நிரப்பச் சொல்லும் விண்ணப்பம் ஆயிரம் பேர் உள்ள நிறுவனத்துக்கும் எங்களுக்கும் ஒன்றுதான், அதை நிரப்புவதும் நம்மில் ஒருவர்தான்.

பணம். நான்காவது வருடம் எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் மூன்று கிளையன்ட்களிடமிருந்து வந்தது. அதில் ஒன்றில் தலைமை மாறியது, புதியவர் எல்லா வெளிவேலைகளையும் நிறுத்தினார். இன்னொருவர் 90 நாளில் தர வேண்டியதை இழுத்தார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் மூத்த பார்ட்னர் வங்கி இருப்பைத் திரையில் போட்டுக் காட்டினார். எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும் என்று சொன்னார். தாங்கள் மூவரும் இரண்டு மாதம் சம்பளம் எடுக்கப்போவதில்லை என்றும் சொன்னார். எங்கள் சம்பளம் தேதி தவறாமல் வந்தது. அந்த இரண்டு மாதமும் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் எதையும் மறைக்காமல் சொன்ன அந்தக் காலை நேரத்துக்காக அவர்கள்மேல் வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

அதனால் நேர்காணலுக்குப் போகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள்: உங்கள் வருமானத்தில் பாதி எத்தனை கிளையன்ட்களிடமிருந்து வருகிறது? பார்ட்னர்கள் ஒரு புராஜெக்டில் வாரத்தில் எத்தனை நாள் உட்காருவார்கள்? இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். பார்ட்னர் எப்போதும் அடுத்த வேலையைத் தேடி ஓடிக்கொண்டிருந்தால், சின்ன இடத்தின் கஷ்டம் எல்லாம் உங்களுக்கு, பலன் ஒன்றும் இல்லை. நான் கற்றதில் பெரும்பகுதி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் எக்செல் ஃபைலை எப்படித் திறக்கிறார், முதலில் எந்த வரியைப் பார்க்கிறார் என்று பார்த்துக் கற்றதுதான்.

இன்னொன்றும் பிடிக்கும். “இதோடு சேர்த்து எங்கள் விற்பனைக் குழுவின் அமைப்பையும் மாற்றித் தர முடியுமா?” என்று கிளையன்ட்கள் கேட்பதுண்டு. பெரிய தொகை. பார்ட்னர்கள், “அது எங்களுக்குத் தெரிந்த வேலை இல்லை” என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவரின் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். இருப்பு குறைந்திருந்த அந்த நான்காவது வருடத்திலும் ஒரு முறை அப்படிச் சொன்னார்கள். நான் அறையில் இருந்தேன்.

போன வாரம் அந்தக் கணக்குப் பிரிவுப் பெரியவர் கூப்பிட்டார். புராஜெக்ட் முடிந்து நான்கு வருடமாகிறது, நாங்கள் செய்து கொடுத்த ஃபைலை இன்னும் மாதாமாதம் நிரப்புகிறாராம். ஒரு வரியில் கூட்டுத்தொகை இடிக்கிறது, பார்க்க முடியுமா என்றார். அனுப்பச் சொல்லித் திறந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் சேர்த்த ‘அலகு சரிபார்த்தது’ என்ற நெடுவரிசை அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்: ‘பெட்டியை நேரில் பார்த்த தேதி’. எல்லா வரியிலும் தேதி இருந்தது, இடிக்கும் அந்த ஒரு வரியைத் தவிர.

“சார், இந்தப் பெட்டியைப் பார்க்கலையே?” என்றேன்.

“இரும்மா, கிடங்குக்குப் போய்ட்டு வந்து கூப்பிடறேன்” என்றார்.