சிவப்பாக வரும் அப்பா

எங்கள் வீட்டில் காலை பத்து மணிக்கு மேல் போன் அடித்தால் அது அப்பாவுக்குத்தான். அடிப்பவர் மனை விற்பவராகத்தான் இருப்பார். ஒரு பொருட்காட்சியில் குலுக்கல் பரிசு என்று சொன்னதை நம்பி, அம்மா அப்பாவின் நம்பரை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். பரிசு வரவில்லை, மனைகள்தான் வந்தன. ஒரு நாளைக்கு ஏழெட்டு.

"1909-க்கு 'ஸ்டார்ட் 0'ன்னு எஸ்.எம்.எஸ். அனுப்பினா எல்லாம் நின்னுடும்ப்பா" என்றேன்.

"நிறுத்தச் சொல்றதுக்கு எதுக்குடா 'ஸ்டார்ட்'னு அனுப்பணும்?"

தொலைபேசி நிறுவனங்களுக்கு விதி போடும் டிராய்க்கே இந்தக் கேள்விக்குப் பதில் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். வங்கி, காப்பீடு என்றால் 1, ரியல் எஸ்டேட் 2, கல்வி 3 என்று வரிசை போகும். 0 என்றால் மொத்தமும் அடைப்பு. அப்பா 7-ஆம் எண்ணான சுற்றுலாவை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, 0 அனுப்பினேன்.

ஒன்றும் நிற்கவில்லை. முறையாகப் பதிவு செய்துகொண்டு 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்து அழைக்கிற நிறுவனம்தான் இந்தப் பட்டியலைப் பார்க்கும். நம் ஆட்கள் சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து கூப்பிடுகிறார்கள், அதையும் வாரத்துக்கு ஒன்றாக மாற்றுகிறார்கள். அவர்கள் மீதும் 1909-இல் புகார் செய்யலாம். அப்பா சம்மதிக்கவில்லை. "பாவம்டா, யார் பெத்த புள்ளையோ."

அந்தப் பாவத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். அப்பா ஓய்வு பெற்ற சர்வேயர். 34 வருடம் வரப்பு வரப்பாக அலைந்தவரிடம் ஒருவன் போன் பண்ணி, "சார், மதுராந்தகம் பக்கத்துல பிளாட் இருக்கு, ஹைவேல இருந்து அஞ்சு நிமிஷம்" என்றால் சும்மா விடுவாரா?

"சர்வே நம்பர் சொல்லு."

"சார், சைட் விசிட்டுக்கு ஃப்ரீ பிக்அப்..."

"உட்பிரிவு ஆயிடுச்சா? புல வரைபடம் இருக்கா? அ-பதிவேட்டுல என்னன்னு இருக்கு? ஏரிப் புறம்போக்கு இல்லையே?"

பையன் எச்சில் விழுங்குவது எனக்கே கேட்கும். அங்கீகாரம் இல்லாத மனை என்று தெரிந்துவிட்டால் போச்சு. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவான மனைக்குத்தான் வரன்முறை, அதாவது பின்னால் அங்கீகாரம் வாங்கும் வழி, உண்டு என்பதில் ஆரம்பித்து அரைமணி நேரம் வகுப்பு நடக்கும். ஒருவன் கடைசியில், "ஐயா, நான் போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தேன்" என்று அழாக்குறையாகச் சொன்னான். அப்பா மனமிரங்கி அவனுக்கு பட்டா எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்.

இதோடு முடிந்தாலும் பரவாயில்லை. மறுநாள் இவரே கூப்பிடுவார். "நேத்து வில்லங்கச் சான்று அனுப்பறேன்னியே, என்ன ஆச்சு?" சாயங்காலம் இன்னொரு தடவை. எடுக்காவிட்டால் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு தடவை.

சரி, நம்மால் ஆனது என்று அப்பாவின் போனில் ஒரு ஆப் போட்டேன். கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டும், பலபேர் ஸ்பேம் என்று குறித்த நம்பராக இருந்தால் திரை சிவப்பாகிவிடும். கூடவே, தெரியாத நம்பர் எதுவும் அடிக்காதபடி ஒரு பட்டனையும் அமுக்கி வைத்தேன். இரண்டு நாள் வீடு கோயில் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று நாலு தடவை கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு அம்மா இண்டக்‌ஷன் அடுப்பில் உப்புமா கிண்டியபடி என்னை என்ன சொன்னாள் என்பது இங்கே வேண்டாம். பட்டனை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் அதிசயம். மனை அழைப்புகள் தானாகவே குறைந்து, ஒரு மாதத்தில் அறவே நின்றுபோயின. எல்லாம் என் ஆப் மகிமை என்று அலுவலகத்தில் இரண்டு பேருக்கு அதைப் பரிந்துரை வேறு செய்தேன்.

போன வாரம் ஃபேன் ரிப்பேருக்கு எலெக்ட்ரீஷியன் வந்தார். "ரெண்டு நாளா அப்பா கூப்பிட்டுட்டே இருக்காராம், எடுக்கலையேண்ணே?" என்றேன். அவர் நெளிந்தார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. சிவப்பா வந்துச்சு, நான் லோன்காரன்னு நினைச்சேன்."

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அதே ஆப். அப்பாவின் நம்பருக்கு நேரே, 'சர்வே நம்பர் தாத்தா எடுக்காதே' என்று இருந்தது. கீழே, 41 பேர் ஸ்பேம் என்று குறித்திருக்கிறார்கள். அடுத்தவர்கள் தங்கள் போனில் நம்மை என்ன பெயரில் வைத்திருக்கிறார்களோ, அதைத்தான் அந்த ஆப் ஊருக்கெல்லாம் காட்டுமாம்.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், "அந்த மதுராந்தகம் பையனும் இந்த 41-ல இருக்கானா பாரு" என்றார். நாள் முழுக்க அதற்கப்புறம் பேச்சில்லை.

மறுநாள் காலை அம்மா தன் போனைத் தேடிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"சொல்லுப்பா, எழுதிக்கறேன். சர்வே நம்பர் என்ன?"