பிடிக்குள் இருக்கும் இரும்பு

பழுதுக்கு வரும் பெரிய கத்தியின் கூர்மையை நான் முதலில் பார்ப்பதில்லை. அலகுக்குத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியின் அடியை மேஜையில் மெல்லத் தட்டுவேன். ‘டொக்’ என்று ஒற்றை ஒலி வந்தால் கவலையில்லை. அதன் பின்னால் சின்னதாக ஒரு கிலுகிலுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால், உள்ளே வால் ஆடுகிறது என்று பொருள். அலகின் பின்பகுதி ஒடுங்கிக் கைப்பிடிக்குள் புகும் இரும்பைத்தான் பட்டறையில் வால் என்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முழு வால்தான் உயர்ந்தது என்று அடித்துச் சொல்வேன். கைப்பிடி அகலத்துக்கே இரும்பு, இருபுறமும் மரச்சில்லு, குறுக்கே ரிவெட். புதர் வெட்டும் நீளக் கத்தியான மஷெட்டி பெரும்பாலும் இப்படித்தான் வரும். அதன் தகடு 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான் என்பதால் அதற்கு வேறு வழியும் அவ்வளவாக இல்லை. இரும்பு கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே நம்பிக்கை வருகிறது. ஆனால் ரிவெட்டைத் துளைத்து எடுத்து மரச்சில்லைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் குறையும். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இரும்பு அப்படியே இருக்கும். இடையில் விழும் இடுக்கில் வியர்வையும் தண்ணீரும் தங்கிவிடும். வெளியே பளபளவென்று இருந்த ஒரு கத்தியின் சில்லைக் கழற்றியபோது, துரு தவிடுபோல மேஜையில் கொட்டியது.

நேபாளத்து வளைந்த கத்தியான குக்ரி வேறு ரகம். முழு வால் வைத்த குக்ரியும் உண்டு. அதைப் பானாவல் என்கிறார்கள். பழைய வழக்கமோ ஒடுங்கிய வாலை மரத்துக்குள்ளோ எருமைக் கொம்புக்குள்ளோ செருகி, லாஹா என்ற பிசினால் இறுக்குவது. முதுகுப் பக்கம் 5 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலகு அது. அத்தனை கனத்தையும் ஒரு பிசின் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். பட்டறைப் பெரியவர் பதில் சொல்லவில்லை. ஆடிக்கொண்டிருந்த ஒரு குக்ரியை எடுத்துக் கைப்பிடியைக் கொதிநீரில் சிறிது நேரம் வைத்தார். துணியால் பிடித்து இழுத்ததும் வால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பழைய பிசினைச் சுரண்டி, புதியதை உருக்கி ஊற்றி, மறுபடி செருகிவிட்டார். பழுது பார்க்க ஒரு ரிவெட்டைக்கூடத் தொடவில்லை. “இது கெட்டுப்போவதற்கு முன்னால் சத்தம் போடும்பா” என்றார். தட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது.

இப்படிச் செருகும் உள்வாலுக்கும் குறை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. வெயிலில் கிடந்தால் பிசின் இளகும். பக்கவாட்டில் நெம்பினால் மரம் வாய்ப்பக்கம் பிளக்கும்; அதற்குத்தான் அங்கே பூண் போடுகிறார்கள். வால் நுனியைக் கைப்பிடியின் அடிவழியாக வெளியே எடுத்து, வில்லை வைத்துத் தட்டி மழுக்கினால் உறுதி கூடும். ஆனால் கழற்றுவது பெரும்பாடு. என்னைக் கேட்டால், அடிக்கடி பராமரிக்கத் தெரிந்தவருக்குப் பிசின் வால், வாங்கியபின் திரும்பிப் பார்க்காதவருக்கு முழு வால்.

ஆனால் இரண்டையும்விடப் பெரிய விஷயம் ஒன்றை என் கையாலேயே கெடுத்துக் கற்றேன். ஒரு கத்திக்கு நானே வால் அடித்தேன். அலகும் வாலும் சேரும் இடத்தில் மூலையைச் சதுரமாக, அழகாக அராவினேன். சோதித்துப் பார்க்கக் காய்ந்த கட்டையில் வெட்டினேன். மூன்றாவது வெட்டில் கையில் கைப்பிடி மட்டும் இருந்தது. அலகு சுவரோரம் போய் விழுந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் ஆள் இல்லை.

உடைந்த முகத்தைப் பெரியவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு பாதி பொடி மணல்போல மின்னியது. மறுபாதி கறுத்திருந்தது. கறுத்த பாதி, காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தபோதே அந்தச் சதுர மூலையில் விழுந்த விரிசல். வாலைத் தோய்க்காமல் மிருதுவாக விட்டிருக்க வேண்டும், மூலையை வளைவாக அராவியிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

அந்தத் துண்டு இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இப்போது புது வால் அடிக்கும்போது, தட்டை அரத்தை ஒதுக்கிவிட்டு முதலில் உருட்டு அரத்தைத்தான் எடுக்கிறேன்.